பரிசு பெற்ற கன்று: ஊர்ப்புற வாலிபர் மன்றங்களின் வரலாறு

போட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவன ஓட்டப் பந்தயமும் சடுகுடுவும் பேச்சுப் போட்டியுமே. மீலாது விழா வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் சிறுவர்கள் கிராஅத் ஓதுவதும், மேடையேறிப் பேசுவதும், பரிசுக் கோப்பையுடன் வீடு திரும்புவதும் கண்கொள்ளாக் காட்சிகள். ஆனால், ஒரு சிறுவன் தன் கையால் வளர்த்த கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போட்டிக்கு வந்து நிற்பதையும், ஒரு சிறுமி தான் பயிரிட்ட தக்காளியைத் தட்டில் அடுக்கி நடுவர் முன் வைப்பதையும் நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கின்றோம்? உலகின் பல நாடுகளில் நூறாண்டுக்கு மேலாக இத்தகைய போட்டிகள் நடைபெற்று வருகின்றன. அவற்றுக்கு உயிரூட்டியவை ஊர்ப்புற வாலிபர் மன்றங்கள். அந்த மன்றங்களின் வித்து நம் நாட்டிலும் தூவப்பட்டது. நம் செங்கற்பட்டுச் சீமையிலும் தூவப்பட்டது. அங்கே மரமாக வளர்ந்தது இங்கே ஏன் நாற்றாகவே நின்றுவிட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்தையும் பந்தயமும்

மக்கள் கூடும் சந்தையில் திறமையை அளந்து பார்க்கும் வழக்கம் மிகப் பழைமையானது. இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபகத்தில், தாயிஃபு நகரத்தை அடுத்து ஆண்டுதோறும் கூடிய உக்காழ்ச் சந்தையை நாம் அறிவோம். தோலும் பேரீச்சம் பழமும் விற்கப்பட்ட அதே திடலில் கவிதைகளும் அரங்கேறின. நாபிகா என்னும் மூத்த கவிஞருக்குத் தோல் கூடாரம் அமைத்து, அவரை நடுவராக அமர்த்தி, கவிஞர்கள் தம் பாடல்களை அவர் முன் வைத்தனர் என்று அரபு இலக்கிய வரலாறு கூறுகின்றது. பண்டமும் கலையும் ஒரே இடத்தில் மதிப்பிடப்பட்டன என்பது கருதத்தக்கது.

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அதைப் பற்றிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பந்தயத்திற்கெனப் பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அது ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு. பயிற்சி பெறாத குதிரைகளோ ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் கூட்டத்தாரின் பள்ளிவாசல் வரை ஓடின; அது ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுதான். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் இளைஞராக அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். இதில் அடங்கியுள்ள நீதியை நாம் உற்று நோக்க வேண்டும். தீனி கொடுத்துப் பழக்கிய குதிரையையும், வாய்ப்புக் கிடைக்காத குதிரையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடவில்லை. வாய்ப்பில் ஒத்தவை தமக்குள் போட்டியிட்டன.

தோல்வியை ஏற்கும் பண்பும் அங்கே கற்பிக்கப்பட்டது. அண்ணலாரின் அள்பா என்னும் ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்னும் கருத்தை அண்ணலார் அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். தலைவரின் ஊர்தியை ஓர் எளிய கிராமத்தார் வெல்லலாம். வென்றவரை யாரும் சினப்பதில்லை. போட்டி என்பது இவ்வாறுதான் இருக்க வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதற்காக மக்காவில் உருவான ஹில்ஃபுல் ஃபுழூல் உடன்படிக்கையில், நபித்துவத்திற்கு முன்னரே, ஏறத்தாழ இருபது வயது வாலிபராகப் பெருமானார் பங்கு கொண்டதையும் இங்கே நினைவுகூரலாம். இளைஞர்கள் ஒரு நற்செயலுக்காக ஒன்றுகூடுவது நமக்கு அயலான கருத்தன்று.

தந்தையை வென்ற மகன்

இக்காலத்து விளைபொருட் போட்டிகளின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகின்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் எல்கானா வாட்சன் என்பவர் 1810ஆம் ஆண்டில் ஒரு கால்நடைக் கண்காட்சியை நடத்தினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் தம் உயர்ரக மெரினோ ஆடுகளை ஊர்ப் பொதுவிடத்தில் காட்சிக்கு வைத்தபோது மக்கள் திரண்டு வந்து பார்த்ததே அதற்குத் தூண்டுகோலாயிற்று. அங்கே மாவட்டம் போன்ற பிரிவைக் 'கவுண்டி' என்பர். அந்தக் கவுண்டிகள்தோறும் ஆண்டுக்கொரு முறை திருவிழாச் சந்தை கூடுவதும், சிறந்த காளைக்கும் சிறந்த தானியத்திற்கும் பரிசளிப்பதும் நாளடைவில் வழக்கமாயின. ஆயினும் அவையெல்லாம் பெரியவர்களுக்கான போட்டிகளாகவே இருந்தன.

சிறுவர்கள் களத்துக்கு வந்த விதம் சுவையானது. இல்லினாய் மாநிலத்தில் வில் ஆட்வெல் என்பவர் உழவர்களுக்கு நல்ல விதை பற்றிக் கற்பிக்கக் கூட்டம் கூட்டினார், வருவார் இல்லை. எனவே 1900ஆம் ஆண்டையொட்டி அவர் வேறொரு வழியை நாடினார். நூற்றுக்கணக்கான சிறுவர்களுக்கு நல்ல மக்காச்சோள விதையைக் கொடுத்து, விளைவித்துக் கொண்டுவாருங்கள், சிறந்ததற்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். அடுத்த கூட்டத்திற்கு மகன் கதிர்களை ஏந்தி வர, தந்தையும் உடன் வந்தார். 1902ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஓஹியோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பள்ளிக் கண்காணிப்பாளர் கிரகாம் ஏறத்தாழ முப்பது சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். மண்ணைச் சோதிப்பது, விதையைத் தெரிந்தெடுப்பது, தோட்டம் போடுவது ஆகியனவே பேச்சு. பிற்காலத்தில் 'ஃபோர்–எச்' என்று பெயர் பெற்ற பேரியக்கத்தின் தொட்டில் அதுவே. தலை, இதயம், கை, உடல்நலம் என்னும் நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அப்பெயர் வந்தது.

1910ஆம் ஆண்டில் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்னும் சிறுவன், தனக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் மக்காச்சோளம் விளைவித்தான். அப்பகுதியின் சராசரி விளைச்சல் இதில் பத்தில் ஒரு பங்கையொட்டியே இருந்தது. பள்ளிச் சிறுவன் ஒருவன், தலைமுறை தலைமுறையாக உழுது வந்த பெரியோரை விஞ்சிவிட்டான்! அதே ஆண்டு, அதே மாநிலத்தில் மேரி குரோமர் என்னும் ஆசிரியை பெண்பிள்ளைகளுக்காகத் தக்காளி மன்றம் தொடங்கினார். பத்தில் ஒரு பங்கு ஏக்கர் நிலம். விளைந்ததை அடைத்துப் பதப்படுத்தி விற்றால் வரும் பணம் பயிரிட்டவளுக்கே. 1914ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஸ்மித்–லெவர் சட்டம் இம்மன்றங்களுக்கு அரசின் பணத்தையும் வேளாண் கல்லூரிகளின் துணையையும் பெற்றுத் தந்தது.

இங்கிலாந்திலும் இதே வழிதான். 1921ஆம் ஆண்டில் டெவன் பகுதியிலுள்ள ஹெமியாக் என்னும் சிற்றூரில் முதல் இளம் உழவர் மன்றம் தோன்றியது. அவ்வூர்ப் பால் நிறுவனத்தின் துணையுடன் பிள்ளைகள் கன்று வளர்த்தனர். வளர்த்த கன்று போட்டிக்கு வந்தது, பின்னர் விற்கப்பட்டது.

இம்மன்றங்களின் வெற்றிக்கு அடிப்படை என்ன? பரிசுக் கோப்பையன்று, நாடாவும் அன்று. பிள்ளையின் கையில் ஓர் உடைமை கொடுக்கப்பட்டது. ஓர் ஏக்கரோ, ஒரு கன்றோ, ஒரு கோழிக்கூடோ, அது அவனுடையது. அதற்கு இட்ட தீவனம் எவ்வளவு, செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு என்று அவனே கணக்கெழுத வேண்டும். போட்டி என்பது அந்த உழைப்பின் கடைசி நாள் மட்டுமே. ஆயினும் அங்கேயும் ஒரு கறை உண்டு. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு மன்றமும் வேறு, முகாமும் வேறு. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வரும்வரை அந்தச் சுவர் சட்டத்தின் நிழலிலேயே நின்றது. மண்ணில்லாதவனின் மகனும் பிறர் வாரத்தில் உழுபவனின் மகனும் ஓர் ஏக்கருக்கு எங்கே போவார்கள்? இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு நாம் நம் சீமைக்குத் திரும்புவோம்.

ஏரிகளின் சீமையில்

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. மதுராந்தகம் போன்ற பேரேரிகளும் எண்ணற்ற சிற்றேரிகளும் அதன் உயிர்நாடிகள். கிழக்கே மாமல்லபுரமும் கோவளமும் சதுரங்கப்பட்டினமும் கடலைப் பார்த்து நிற்கின்றன. இந்தச் சீமையின் ஆட்சித் தலைமையிடமாக நெடுங்காலம் விளங்கிய சைதாப்பேட்டைதான் தென்னகத்தின் வேளாண் கல்விக்கும் தொட்டில் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

சென்னையில் 1855ஆம் ஆண்டிலும் 1857ஆம் ஆண்டிலும் தென்னிந்திய விளைபொருள், கைவினைப் பொருள்களின் பெருங்கண்காட்சிகள் நடைபெற்றன. சென்னை அருங்காட்சியகத்தை உருவாக்கிய எட்வர்டு பால்ஃபர் அவற்றில் பெரும் பங்காற்றினார். மாவட்டங்களிலும் விளைபொருள், கால்நடைக் கண்காட்சிகள் நடத்தப்பெற்றுப் பரிசுகள் வழங்கப்பட்டன. ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் நீராவிக் கலப்பை, கதிரடிக்கும் பொறி முதலான கருவிகள் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பெற்றன; 1865ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை அமைந்தது. 1868ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய வேளாண் பள்ளியே பின்னர்க் கல்லூரியாகி, 1906ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்குச் சென்று, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலமாயிற்று.

அக்காலத்துப் போட்டியில் காளையை ஓட்டிவந்து பரிசு பெறத்தக்கவர் யார்? காளை வைத்திருந்தவர். காளை வைத்திருந்தவர் யார்? நிலம் வைத்திருந்தவர். செங்கற்பட்டுச் சீமையில் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. சேற்றில் இறங்கி உழுதவர் பெரும்பாலும் சேரிகளில் வாழ்ந்த பண்ணையாட்களே. இவ்வுண்மையை அரசுக்கு அஞ்சாமல் எழுதியவர் இம்மாவட்டத்து ஆட்சித் தலைவராயிருந்த திரெமென்ஹீர். சேரி மக்களின் பட்டினியையும் கடனையும் வீட்டுமனைகூடத் தமக்கென இல்லாத நிலையையும் அவர் 1891ஆம் ஆண்டில் தம் குறிப்பில் விரித்துரைத்தார். அதன் பயனாக 1892ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கவும், முதல் பத்தாண்டுகள் அதை விற்கலாகாது, பின்னரும் அம்மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்று விதிக்கவும் வழி பிறந்தது. 'பஞ்சமி நிலம்' என்று நாம் கேள்விப்படுவது இதுவே. மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறுவர். அதில் பெரும்பகுதி பிற்காலத்தில் பிறர் கைக்குப் போய்விட்டது. அந்நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், காரணை நில மீட்புக்காகக் குரல் கொடுத்தவர்களுள் இருவர் உயிரிழந்தனர்.

வாலிபர் மன்றத்தின் வரலாற்றில் இந்தச் செய்திக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். இதுதான் வேலை: ஓர் ஏக்கரில் பயிரிட்டுக் காட்டு என்று சொல்லும் மன்றம், ஏக்கர் உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வாயில் திறக்கின்றது. அமெரிக்க முறையை அப்படியே இங்கே நடுவது எளிதன்று என்பதற்கு நம் சீமையின் மண்ணே சான்று.

எல்லை அறியாத தேனீ

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர்கள் தமிழகத்தின் தென்கோடியில் இருந்தனர். சேலத்தில் 1876ஆம் ஆண்டில் பிறந்த கே. டி. பால், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளர் பொறுப்பேற்ற முதல் இந்தியர். வாலிபர் சங்கம் நகரத்து மாடங்களைவிட்டுச் சிற்றூர்க் குடிசைகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அவரது கொள்கை. அக்கொள்கைக்கு உருக்கொடுத்தது 1920களில் மார்த்தாண்டத்தில் அமைந்த ஊர்ப்புறச் சீரமைப்பு நிலையம். அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அமெரிக்கச் சிற்றூர் மன்றங்களின் வழிமுறைகளை நன்கறிந்தவர்.

ஆனால் அவர் ஓர் ஏக்கர் நிலத்தைக் கேட்கவில்லை. ஏழை வீட்டு முற்றத்தில் என்ன இருக்கின்றது என்று கேட்டார். கோழி இருந்தது. உயர்ரகச் சேவல்களைக் கொடுத்து, இனத்தைப் பெருக்கி, முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கும் அமைப்பை உருவாக்கினார். அடுத்தது தேனீ. தேனீ வளர்க்க நிலம் வேண்டா. ஒரு பெட்டி வைக்க இடம் போதும். பூ யாருடைய தோப்பில் மலர்ந்தாலும் தேனீ அதைத் தேடிச் செல்லும். வேலியும் பட்டாவும் அதற்குத் தெரியா. தேனீயை ஒரு சான்றாகக் காட்டி, 'அந்நஹ்ல்' என்று ஓர் அத்தியாயத்துக்கே அதன் பெயரை ஏற்றுள்ளது திருக்குர்ஆன். இறைவன் அதற்கு அறிவித்த வழிகளில் ஏழையின் வாழ்வுக்கும் ஒரு வழி இருந்ததை மார்த்தாண்டம் மெய்ப்பித்தது. சிற்றூர்களில் கண்காட்சிகளும் போட்டிகளும் நடந்தன. நல்ல சேவலும் நல்ல தேனும் பரிசு பெற்றன. மார்த்தாண்டம் தேன் என்றால் இன்றும் ஒரு தனி மதிப்பு இருப்பதற்கு அன்று இட்ட அடித்தளமே காரணம். மத மாற்றத்தை நிபந்தனையாக்காமல் எல்லாச் சமயத்தார்க்கும் அந்நிலையம் தொண்டாற்றியது என்பதையும் நாம் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும்.

அரசு வளர்த்த மன்றங்கள்

நாடு விடுதலை பெறும் தறுவாயில், 1946ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசு பிர்க்கா வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், இந்தியா முழுமைக்குமான சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு தேசிய விரிவாக்கப் பணி அதனுடன் சேர்ந்தது. கிராம சேவக் என்னும் ஊழியர் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். மாதர் சங்கமும் வாலிபர் மன்றமும் அமைப்பது அவருடைய கடமைகளுள் அடங்கும். 1960களின் தொடக்கத்திற்குள் நாட்டின் ஊர்ப்புறம் ஏறத்தாழ முழுவதும் வட்டாரங்களாக வகுக்கப்பட்டு இத்திட்டத்திற்குள் வந்துவிட்டது. நம் திருப்போரூர், திருக்கழுக்குன்றம், அச்சிறுபாக்கம் வட்டாரங்களும் அதற்கு விலக்கல்ல. 1950களில் அமெரிக்க மன்றத்து இளைஞர்கள் நம் நாட்டுச் சிற்றூர் வீடுகளில் வந்து தங்கிச் செல்லும் பரிமாற்றமும் நடைபெற்றது.

போட்டிகளும் பெருகின. 1949–50ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்திந்தியப் பயிர்ப் போட்டியில் ஏக்கருக்கு மிகுதியாக விளைவித்தவர்க்குக் 'கிருஷி பண்டிதர்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லியில் உலக வேளாண்மைக் கண்காட்சி தொடங்கியபோது, அமெரிக்க அதிபர் ஐசனோவரே நேரில் வந்திருந்தார். விழாவுக்குக் குறைவில்லை, கொட்டுமுழக்கத்திற்கும் குறைவில்லை.

ஆனால் 1957ஆம் ஆண்டிலேயே பல்வந்தராய் மேத்தா குழு ஒரு கசப்பான உண்மையை எடுத்துரைத்தது. மக்கள் தாமாக முன்வந்து செயலாற்றும் ஊக்கத்தை இத்திட்டம் எழுப்பவில்லை என்பதே அது. வாலிபர் மன்றங்களின் கதியும் அதுதான். பதிவேட்டில் பெயர் இருந்தது. ஒரு மத்தளமும் ஒரு கைப்பந்து வலையும் இருந்தன. சேவக் மாற்றலாகிப் போனால் மன்றமும் உறங்கிப்போயிற்று. பிள்ளையின் கையில் கன்று இல்லை. கணக்குப் புத்தகம் இல்லை. தனக்கென எதுவும் இல்லாத மன்றத்தை எவன் கட்டிக் காப்பான்?

1970–71ஆம் ஆண்டில் நடுவணரசு ஊர்ப்புற விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கியது. விடுதலையின் வெள்ளி விழாவையொட்டி 1972ஆம் ஆண்டில் நேரு இளைஞர் மையங்கள் எழுந்தன. 1987ஆம் ஆண்டில் அவை தன்னாட்சி அமைப்பின் கீழ்க் கொணரப்பட்டன. பள்ளிப் படிப்பை விட்ட இளைஞர்க்குத் தொழிற்பயிற்சியும் விளையாட்டும் தொண்டும் அளிப்பது அவற்றின் நோக்கம். பல நல்ல பணிகள் நடந்தன. இளம் தலைவர்கள் சிலரும் உருவாயினர். எனினும் போட்டி என்பது பெரும்பாலும் பந்தும் பாட்டுமாகச் சுருங்கிற்று. உழைப்பின் விளைவை அளக்கும் போட்டி ஓரத்திற்குப் போய்விட்டது.

இதற்கு மாறான ஒரு சான்றும் தமிழகத்தில் உண்டு. 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் வேரூன்றி நிற்கின்றன. ஏன்? குழுவின் சேமிப்பு அவர்களுடையது; கணக்குப் புத்தகம் அவர்கள் கையில். நிலமற்ற பெண்ணும் மாதந்தோறும் சிறு தொகை சேமிக்க முடியும். ஓஹியோவின் கீழ்த்தளத்திலும் மார்த்தாண்டத்தின் முற்றத்திலும் கண்ட அதே விதி இங்கும் தொழிற்பட்டது.

கடலுக்குப் பட்டா இல்லை

மாமல்லபுரக் கடற்கரைக்கு வருவோம். இங்கே மீனவக் குப்பத்துப் பிள்ளைக்கு வயலும் இல்லை, கன்றும் இல்லை. கடல் உண்டு. கடலுக்கு யாரும் பட்டா எழுத முடியாது. தமீமுல் அன்சாரி தர்காவினாலும் ஆர்க்காட்டு நவாபு காலத்துத் துறைமுகத்தினாலும் நம் சமுதாயத்தார் நன்கறிந்த கோவளத்தில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த மாறுதல் இதை விளக்கும். அவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன் அலைமேல் பலகையில் சறுக்கும் கலையைத் தாமே முயன்று கற்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். 2012ஆம் ஆண்டில் சிலருடைய உதவியுடன் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி உருவாயிற்று. குடி கூடாது, புகை கூடாது என்பது அதன் கட்டுப்பாடு. அப்பள்ளியிலிருந்தும் மாமல்லபுரக் குப்பங்களிலிருந்தும் நாட்டளவிலான போட்டிகளில் வெல்லும் வீரர்கள் தோன்றினர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடைபெற்றது.

அயல்நாட்டுச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட விளையாட்டில் கட்டுமரக்காரரின் பிள்ளை எவ்வாறு முந்தினான்? அலையைப் பற்றிய அறிவு அவனுடைய பரம்பரைச் சொத்து. அவனிடம் இல்லாதது ஒரு பலகை மட்டுமே. அந்தப் பலகையை ஒருவர் கொடுத்தவுடன், இருந்த செல்வம் வெளிப்பட்டது. ஹெமியாக்கில் கன்று செய்ததையும் மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி செய்ததையும் கோவளத்தில் ஒரு பலகை செய்தது.

2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை இதே மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்ற அப்போட்டியின் பொதுப் பிரிவில் தங்கம் வென்றது உஸ்பெக்கிஸ்தான். இமாம் புகாரி (ரஹ்) அவர்களை ஈன்ற மண்ணிலிருந்து வந்த இளைஞர்கள், பெருநாடுகளின் புகழ்பெற்ற வீரர்களை விஞ்சினார்கள். இந்திய இளைஞர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் பெற்றன. அறுபத்து நான்கு கட்டங்களுக்கு அப்பால் வேறு நிலம் தேவைப்படாத ஆட்டம் அது; சிறு நாடும் பெரு நாடும் அங்கே சமமாக உட்கார்ந்தன. நம் கரையில் நடந்த இந்த நிகழ்ச்சியைப் பார்க்கச் சென்ற பிள்ளைகள் அந்தப் பாடத்தைக் கண்ணாரக் கண்டனர்.

நாம் செய்யத்தக்கது

இந்த வரலாற்றிலிருந்து நம் சமுதாயம் கற்க வேண்டியது யாது? நம் ஜமாஅத்துகளில் வாலிபர் சங்கங்கள் உள்ளன. விழா எடுக்கவும், பந்தல் போடவும், நூலகம் நடத்தவும், வெள்ளம் வந்தால் உணவு சமைத்து வழங்கவும் அவை பின்வாங்கியதில்லை. நாவன்மைக்கும் ஓதலுக்கும் பரிசு தருகின்றோம், அது தொடரட்டும். அத்துடன் கையின் உழைப்புக்கும் ஒரு போட்டி வைத்தால் என்ன?

நம் மக்களில் பலர் வணிகர்; பலர் கூலிக்கு உழைப்பவர்; வயல் உடையவர் சிலரே. ஆகவே வயலைக் கேட்க வேண்டா. பைத்துல்மால் நிதியிலிருந்து ஆர்வமுள்ள பிள்ளைக்கு நான்கு கோழிக்குஞ்சுகளோ, ஒரு வெள்ளாட்டுக் குட்டியோ, மாடித் தோட்டத்துக்கு வேண்டிய தொட்டிகளோ, தையலுக்கான துணியோ வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம். ஓராண்டு அவன் வளர்க்கட்டும். வரவு செலவை எழுதட்டும். அடுத்த மீலாது விழாவில், பேச்சு மேடைக்கு அருகே ஒரு கொட்டகை போட்டு அவற்றைக் காட்சிக்கு வைக்கலாம். நடுவர் ஆட்டின் கொழுப்பை மட்டும் பாராமல் கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கட்டும். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இடம் இருக்கட்டும். விளைவின் பயன் வளர்த்தவர்க்கே சேரட்டும்.

இரண்டு நெறிகளை மட்டும் நாம் மறக்கலாகாது. ஒன்று, அண்ணலார் குதிரைப் பந்தயத்தில் காட்டிய நெறி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையையும் தந்தையை இழந்த பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தாமல், தொடக்கத்தில் கொடுப்பதைச் சமமாகக் கொடுத்து, ஒத்தவரோடு ஒத்தவரைப் போட்டியிடச் செய்ய வேண்டும். மற்றொன்று, மார்த்தாண்டத்தார் காட்டிய நெறி. அடுத்த தெருவின் சேரிப் பிள்ளைக்கும் குப்பத்துப் பிள்ளைக்கும் நம் கொட்டகையின் வாயில் திறந்திருக்க வேண்டும். 1891ஆம் ஆண்டில் ஓர் அயல்நாட்டு ஆட்சித் தலைவரின் மனச்சான்றை உறுத்திய துன்பம், அதே மண்ணில் வாழும் நம்மை உறுத்தாமல் போகலாகாது.

மறுமை நாள் வந்துவிட்ட வேளையிலும் ஒருவர் கையில் பேரீச்சங் கன்று இருக்குமானால் அதை நட்டுவிட முயலட்டும் என்று நமக்கு வழிகாட்டினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். நடுவதற்கு முதலில் கையில் ஒரு கன்று இருக்க வேண்டும். அந்தக் கன்றை நம் பிள்ளைகளின் கையில் கொடுப்பது பெரியோராகிய நம் பொறுப்பு. வளர்ப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பலன் தருவது அல்லாஹ்வின் அருள்.